ஈய எழுத்திலிருந்து எழுத்துரு: கேள்வி பதில்

கேள்வி: 1862-இல் வந்த வின்சுலோவின் தமிழ்-ஆங்கில அகராதியில் பி.ஆர். ஹண்ட் அச்சிட்ட தமிழ் எழுத்துகளை எழுத்துருவாக்க ஆசை. இணையத்தில் கிடைக்கும் பிடிஎஃப் போதுமா?

பதில்: பார்த்துப் பழகப் போதும், வரையப் போதாது. மூலநூலை 1200 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 1200 புள்ளிகள்) ஸ்கேன் செய்தால் 12 பாயிண்ட் எழுத்துக்கு 200 பிக்சல் உயரம் கிடைக்கும், 300-இல் 50தான். கறுப்பு வெள்ளையில் எடுக்காதீர்கள், சாம்பல் நிறத்தில் எடுங்கள். ஒரே 'க'-வின் பத்து அச்சுகளையாவது ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் இருப்பது வடிவம், ஒன்றிரண்டில் மட்டும் துருத்துவது மைக்கறை. ஈய அச்செழுத்து தாளில் அழுந்தும்போது மை பிதுங்கிக் கோடு தடிக்கும், சுழி அடைபடும். அதனால் தெரிவதைவிடச் சற்று மெலிதாக வரையுங்கள். படத்திலிருந்து மென்பொருளே கோடு வரையும் ஆட்டோ டிரேஸ் வேண்டாம்.

கேள்வி: எது நல்ல பழைய பாணி எழுத்துரு? லிங்க் தாருங்கள்.

பதில்: இங்கே பேசுவது உருவாக்குவது பற்றி.

கேள்வி: பழைய லை, ணா சேர்க்க எத்தனை வடிவம் வரைய வேண்டும்?

பதில்: 1978-இல் தமிழக அரசின் எழுத்துச் சீர்திருத்த ஆணை மாற்றியவை 13, வரைய வேண்டியவை 7. ணா, றா, னா மூன்று. ணை, லை, ளை, னை நான்கு. ணொ, றோ வகையில் கொம்பு பிரிந்து முன்னே போய்விடும், மிஞ்சுவது அதே பழைய ணா, றா. ஐகாரத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். தட்டச்சில் ல முதலில், ை பிறகு. ஓப்பன்டைப் விதி (ஓர் எழுத்துக்குப் பதில் வேறு வடிவத்தைக் காட்ட எழுத்துருவுக்குள் எழுதும் கட்டளை) ஓடும்போதோ ை முன்னே நகர்ந்திருக்கும். விதியில் ை, ல என்ற வரிசையில் எழுதினால்தான் மாறும். இவற்றை யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் (அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்ட, பொதுப் பொருள் இல்லாத குறியெண்களில்) வைக்கவே வைக்காதீர்கள்: தேடினால் சொல் அகப்படாது, எழுத்துரு மாறினால் வெறும் கட்டம் தெரியும்.

கேள்வி: பழைய வடிவமே இயல்பாக வரட்டுமே. பழமைக்காகத்தானே வரைகிறோம்?

பதில்: உடன்படமாட்டேன். இன்று பள்ளியில் படிப்பவர்கள் அந்த லை-யில் தடுக்கி நிற்பார்கள். ஸ்டைலிஸ்டிக் செட்டில், அதாவது தேவைப்படும்போது மட்டும் இயக்கும் மாற்று வடிவத் தொகுப்பில், வையுங்கள், வேண்டியவர் இயக்கிக்கொள்ளட்டும்.

கேள்வி: கைபேசிச் செயலிகள் பலவற்றில் அந்த வசதியே இல்லை. அப்படியானால் யார் கண்ணிலும் படாதே?

பதில்: சரியான வாதம். அப்படியானால் இரண்டு கோப்புகள்: வடிவங்கள் ஒன்றே, ஒன்றில் மட்டும் விதி எப்போதும் இயங்கும். பெயர் வேறாக இருக்கட்டும். உரை இரண்டிலும் ஒன்றுதான், தேடலும் கெடாது. மறுபதிப்புக்கு இரண்டாவது, அன்றாட வாசிப்புக்கு முதலாவது.

கேள்வி: வேறொருவரின் எழுத்துருவைத் திருத்தி வெளியிடலாமா?

பதில்: ஓஎஃப்எல் என்ற திறந்த எழுத்துரு உரிமம் என்றால் அதே உரிமத்தில் வெளியிடலாம், மூல ஆசிரியர் தனக்கென ஒதுக்கிய எழுத்துருப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது. மற்றதற்கு உரிமத்தைப் படியுங்கள்.

கேள்வி: பழைய லை-யைத் தனிப்பயன் பகுதியில் வைத்தால் வேலை சுலபம்தானே?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். வேண்டாம்.