பூச்சி விற்ற அறிஞர்

அன்புள்ள ஐயா,

ஓட்டோ ஸ்டாடிங்கரை அறிஞர் என்று எழுதியிருந்தீர்கள். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் வண்ணத்துப்பூச்சிகளைக் கொன்று, விலை போட்டு விற்றவர் அவர். வியாபாரியை அறிவியலாளர் வரிசையில் வைக்கலாமா?

கே.

அன்புள்ள கே.,

விற்றார் என்பது உண்மைதான். ஆனால் கடை வைப்பதற்கு முன்பே அவர் பூச்சியியலாளர். 1830இல் மெக்லன்பர்க் பகுதியில் பிறந்தார். மருத்துவம் படிக்க பெர்லின் போனவர் பூச்சிகள் பக்கம் திரும்பிவிட்டார். கண்ணாடிச் சிறகு அந்துப்பூச்சிகளை ஆராய்ந்து 1854இல் டாக்டர் பட்டம் வாங்கினார். அப்புறம் ஐஸ்லாந்து, ஸ்பெயின் என்று வலையும் கையுமாகத் தானே அலைந்தார். டிரெஸ்டனில் குடியேறிய பிறகுதான் வியாபாரம் பெரிதானது. மகளின் கணவர் ஆந்திரியாஸ் பாங்-ஹாஸ் பங்குதாரரானார். பிறகு பேரனும் அதே தொழிலுக்கு வந்தார்.

அந்த வீட்டில் நடந்த வேலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தூர தேசங்களிலிருந்து சிறகு மடித்த பூச்சிகள் முக்கோணக் காகித உறைகளில் வந்து சேரும். காய்ந்து விறைத்திருக்கும், தொட்டால் கால் உதிரும். ஈரம் காட்டி இளக வைத்து, ஊசி குத்தி, பலகையில் சிறகை விரித்துக் காய விட வேண்டும். அதற்கப்புறம்தான் கடினமான வேலை: இது என்ன இனம்? பெயர் தப்பினால் வாங்கியவரின் பெட்டியிலும் தப்பாகவே இருக்கும். ஒரே பூச்சிக்கு ஊருக்கொரு பெயர் இருந்த காலம் அது. விற்பதற்கே பெயர்கள் ஒழுங்காக வேண்டியிருந்தது. வோக்கே என்ற பூச்சியியலாளருடன் சேர்ந்து 1861இல் அவர் வெளியிட்ட ஐரோப்பிய வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிப் பெயர்களின் பட்டியல் 1871இல் விரிவாக மறுபடி வந்தது. ரெபெல் என்ற இன்னொரு பூச்சியியலாளர் உடனிருந்து முடித்த மூன்றாம் பதிப்பு 1901இல் வந்தபோது ஸ்டாடிங்கர் இல்லை. முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். அந்தப் பட்டியலின் வரிசையில் சேகரிப்பாளர்கள் தங்கள் பெட்டிகளை அடுக்கினார்கள். இதை வியாபாரம் என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எனக்கும் வருத்தம் உண்டு, அது வேறு இடத்தில். அந்தக் கால வியாபாரிகளின் லேபிள்களில் பல சமயம் 'அமூர்' என்று ஒற்றைச் சொல்தான் இருக்கும். ரஷ்யாவின் தூரக் கிழக்கில் ஓடும் அமூர் ஆற்றுப் பகுதி எவ்வளவு பெரிய நிலம்! எந்த மலை, எந்த மாதம் என்பதெல்லாம் போய்விட்டது. மத்திய ஆசியாவின் துர்க்கிஸ்தானில் ஸ்டாடிங்கருக்காகப் பூச்சி பிடித்த ஹாபர்ஹாவரையும், அமூர் பக்கம் அலைந்த டோரீஸ் சகோதரர்களையும் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? பூச்சியைக் கண்ணால் பார்த்து வலை வீசியவர்கள் அவர்கள். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி அவர்களைப் பற்றியது என்று நினைக்கிறேன்.

ஸ்டாடிங்கரின் சொந்தச் சேகரிப்பு 1907இல் பெர்லின் இயற்கை அருங்காட்சியகத்துக்குப் போனது. அதில் சில ஊசிகளில், பூச்சிக்குக் கீழே, சின்ன இளஞ்சிவப்புக் காகிதத் துண்டு ஒன்று 'ஒரிஜின்' என்று அச்சிட்டுக் குத்தியிருக்கும். புது இனம் என்று விவரித்தபோது அவர் கையிலிருந்த பூச்சி அது என்று பொருள். அந்த இனத்தில் யாருக்காவது சந்தேகம் வந்தால், இன்றும் அந்த ஊசியைத்தான் தேடிப் போகிறார்கள்.