‘பல்லு இடிக்குது’ என்கிறான் மகன்

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. சைக்கிளிலிருந்து விழுந்து மோவாயில் அடிபட்டுக் கீழ்த்தாடை உடைந்தது. மூன்று வாரங்களுக்கு முன் ஆபரேஷன் செய்து ‘கரையும் பிளேட்’ வைத்தார்கள். அது ஒருவகை பிளாஸ்டிக், ஆசிடாக மாறி ரத்தத்தில் கலக்கும் என்று இணையத்தில் படித்தேன். கேன்சர் வருமா? எக்ஸ்-ரேயில் பிளேட்டே தெரியவில்லை, அதற்குள் கரைந்துவிட்டதா? உதட்டுக்குக் கீழே தடிப்பாக இருக்கிறது, உதடும் மரத்திருக்கிறது. டைட்டானியத்தைவிட விலையும் அதிகம். நான்கு நாட்களாக ஒரு பக்கமாகவே மெல்கிறான், ‘பல்லு இடிக்குது’ என்கிறான். வீட்டில் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக்கும் வலி மாத்திரையும் கொடுத்து வருகிறேன். எங்கள் பிள்ளையை வைத்துப் பரிசோதனை செய்துவிட்டார்களோ?
- ஒரு தாய், கரூர்

பதில்: அம்மா, ஆபரேஷன் செய்த டாக்டரைக் கூப்பிட்டு நாளைக்கே நேரம் கேளுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

இவ்வளவு நீளக் கடிதத்தில் என்னை நிறுத்தியது ‘பல்லு இடிக்குது’ என்ற உங்கள் மகனின் வாக்குமூலம்தான். நீங்களோ அதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு மாத்திரைக்குத் தாவிவிட்டீர்கள். தாடை முறிந்தவர்களிடம் நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: மேல்பல்லும் கீழ்ப்பல்லும் முன்பு போலச் சேர்கின்றனவா? ஸ்கேனில் கண்ணுக்குத் தப்பும் சின்ன விலகல்கூட மெல்லும்போது பல்லில் இடறும்.

நல்ல வெளிச்சத்தில் அவனை உட்காரவைத்துக் கடைவாய்ப் பற்களைச் சேர்த்துக் கடிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் முதலில் முட்டிக்கொண்டு மறுபக்கமோ முன்பற்களோ சேராமல் இடைவெளி விடுகிறதா? விபத்துக்கு முன் சிரித்தபடி எடுத்த போட்டோ இருந்தால் மேல், கீழ் பல்வரிசைகளின் நடுக்கோட்டை ஒப்பிடுங்கள். பிறகு மெதுவாக வாயைத் திறக்கட்டும். மோவாய் நேராக இறங்குகிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா? வாய் திறக்கும் அளவு நாளுக்கு நாள் கூட வேண்டும், குறையவே கூடாது.

இவ்வளவு கேட்பதற்குக் காரணம் உண்டு. மோவாய் தரையில் மோதினால் அந்த அடி அங்கேயே நின்றுவிடாது; எலும்பு வழியே காதுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டு வரை போகும். முன்பக்கம் ஒரு முறிவும் எதிர்ப்பக்க மூட்டின் கழுத்தில் (மூட்டுக்குச் சற்றுக் கீழே குறுகலான எலும்பில்) இன்னொரு முறிவும் சேர்ந்து வருவது எங்களுக்குப் புதிதல்ல. குழந்தைகளில் மூட்டு முறிவைச் சாதாரண எக்ஸ்-ரே தவறவிடலாம், சிடி ஸ்கேன் காட்டிவிடும். உங்கள் மகனுக்கு மூட்டிலும் முறிவு இருந்ததா என்று டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள். இருந்திருந்தாலும் இந்த வயதில் பெரும்பாலும் அங்கே கத்தி வைக்க மாட்டோம். வாய் திறக்கும் பயிற்சி கொடுப்போம். வலிக்கு அஞ்சி வாயைத் திறக்காமலே விட்டால்தான் ஆபத்து. மூட்டு மண்டையோட்டு எலும்போடு ஒட்டிக்கொண்டு, வாய் திறக்கவே முடியாமல் போகலாம், மோவாயின் வளர்ச்சியும் குன்றலாம்.

பிளேட்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ தளர்ந்து எலும்பு சற்று நகர்ந்திருப்பது இன்னொரு சாத்தியம். விழப்போகும் பால்பல் ஆடுவதாகவும் இருக்கலாம், 8 வயதில் அதற்கும் வாய்ப்பு உண்டு. எது என்று வாயைப் பார்த்தால்தான் தெரியும். ஒத்திப்போட வேண்டாம். இந்த வயதில் எலும்பு 3, 4 வாரத்திலேயே கூடிவிடும். கோணலாக இருந்தாலும் அதே வேகத்தில் கூடிவிடும்.

சரி, பிளாஸ்டிக்குக்கு வருவோம். உங்களுக்கு சிசேரியன் ஆகியிருந்தால், பிரிக்கத் தேவையில்லாத தையல் போட்டிருப்பார்களே, அதே குடும்பத்துப் பொருள்தான் இது. பாலிலாக்டிக், பாலிகிளைகாலிக் அமிலங்களால் ஆன இந்த வகைத் தையல் நூல் 1970களிலிருந்து உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. உடலிலுள்ள நீர் இதைச் சிறுகச் சிறுக உடைக்கும். கடைசியில் மிஞ்சும் லாக்டிக் அமிலம், உங்கள் மகன் ஓடி விளையாடும்போது அவனுடைய தசையே உண்டாக்குவது. அது கரியமில வாயுவும் நீருமாக வெளியேறிவிடும். இதனால் கேன்சர் வராது. ‘ஆசிட்’ என்ற சொல்லைப் பார்த்ததும் பாத்ரூம் கழுவும் பாட்டிலை நினைத்துக்கொண்டால் நான் என்ன செய்ய?

பிளேட் எக்ஸ்-ரேயில் தெரியாது. அது உலோகம் அல்ல. ஸ்க்ரூவுக்குப் போட்ட துளைகள் மட்டும் புள்ளிகளாகத் தெரியலாம். தடிப்பும் எதிர்பார்த்ததே: டைட்டானியம் அளவுக்கு வலு இல்லாததால் இதைக் கொஞ்சம் கனமாகத்தான் செய்கிறார்கள், அதனால் கைக்குத் தட்டுப்படும். உதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு அந்த இடத்தில்தான் எலும்பிலிருந்து வெளியே வருகிறது. மரத்துப்போனது பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகும். அதுவரை சூடானதைக் கொடுக்காதீர்கள், உதட்டைக் கடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பரிசோதனையா என்று கேட்டீர்கள். இல்லை. வளரும் தாடையில் டைட்டானியம் வைத்தால் பல நேரம் அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன், இன்னொரு மயக்க மருந்து. அதைத் தவிர்க்கத்தான் இந்த விலை. இதையே 35 வயதுக்காரரின் தாடைக்கு வைத்துவிட்டு ‘லேட்டஸ்ட்’ என்று பில் போட்டிருந்தால் நானே ஏன் என்று கேட்பேன். நெதர்லாந்தில் பெரியவர்களிடம் இரண்டையும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில் டைட்டானியமே மேலாக நின்றது.

இந்த பிளேட் கரைய ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம், வகையைப் பொறுத்தது. இடையில் வலியில்லாமல் லேசாக வீங்கினால் பதறாமல் காட்டுங்கள். சிவந்து, சூடாகி, சீழ் கசிந்தால் அன்றே போங்கள்.

இப்போது மாத்திரை. யாருக்கோ எழுதிக் கொடுத்து மிஞ்சிய ஆன்டிபயாடிக்கை எந்தக் கணக்கில் 8 வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கிறீர்கள்? எலும்பு நகர்ந்திருந்தால் அது ஆன்டிபயாடிக்கால் திரும்பி வராது. சீழ் பிடித்திருந்தால் அரைகுறை மருந்து அதை மறைத்துத்தான் வைக்கும். வலி மாத்திரை வேறு. வலி தெரியாததால் அவன் அழுத்தி மெல்லுவான், ஆடுகிற எலும்பு இன்னும் ஆடும். இரண்டையும் இன்றோடு நிறுத்துங்கள். எண்ணெய் தடவி நீவுவதும் வேண்டாம். டாக்டர் பார்க்கும்வரை கஞ்சி, குழைந்த சாதம், பாலில் ஊறிய இட்லி போதும். பாட்டி பிரண்டைத் துவையல் அரைத்தால் மறுக்க வேண்டாம், மையாக அரைக்கச் சொல்லுங்கள்.

போகும்போது பழைய சிடி ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி, நீங்கள் கொடுத்த மாத்திரை அட்டை மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள். எத்தனை மாத்திரை கொடுத்தீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.