எமுலேட்டரில் அரை வினாடி ஏன் தப்புகிறது?

கேள்வி: சேலத்தில் பாலிடெக்னிக் படிக்கிறேன். லேபில் உள்ள 8085 மைக்ரோபிராசசர் கிட்டுக்கு எமுலேட்டர் (கிட்டைப் போலவே கம்ப்யூட்டரில் நடந்துகொள்ளும் மென்பொருள்) எழுதினேன். ஐந்து ரோடு சிக்னல் போல விளக்கு மாற்றும் புரோகிராம் கிட்டில் சரியாக ஓடுகிறது; என்னுடையதில் கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஸ்லீப் (சற்று நேரம் தூங்கச் சொல்வது) போட்டால் ஆமை வேகம். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த ஸ்லீப்பை எடுத்துவிடுங்கள். 4 டி-ஸ்டேட் (டி-ஸ்டேட் என்பது சிப்பின் ஒரு கடிகாரத் துடிப்பு) எடுக்கும் கட்டளைக்கு நிஜ சிப்பில் ஆவது சுமார் 1.3 மைக்ரோசெகண்ட். விண்டோஸில் 1 மில்லிசெகண்ட் ஸ்லீப் கேட்டாலே 15 வரை இழுத்துவிடும்.

ஸ்லீப்புக்குப் பதில் டி-ஸ்டேட்டை எண்ண வேண்டும். கிட்டில் துடிப்பைத் தரும் கிரிஸ்டலைப் பாருங்கள். 6.144 மெகாஹெர்ட்ஸ் என்றிருந்தால் 8085 அதைப் பாதியாக்கி, 3.072-ல் ஓடும். டிலே லூப்பில் (நேரம் கடத்தச் சுற்றும் பகுதி) உள்ள கட்டளைகளுக்கு டிசிஎக்ஸ் 6, எம்ஓவி 4, ஓஆர்ஏ 4, லூப்பின் தொடக்கத்துக்குத் தாவும் ஜேஎன்இசட் 10; சுற்றுக்கு 24 டி-ஸ்டேட். 64,000 சுற்று ஓடினால் 15,36,000. அதாவது அச்சு அசலாக அரை வினாடி! கடைசிச் சுற்றில் ஜேஎன்இசட் தாவாது, அங்கே 7 மட்டுமே. பலர் கோட்டை விடுவது இங்கேதான். இதேபோல், நிபந்தனை நிறைவேறினால் ஒன்று, இல்லாவிட்டால் இன்னொன்று என நிபந்தனை கால் (CALL) கட்டளைக்கு 18 அல்லது 9, நிபந்தனை ரிட்டர்ன் (RET) கட்டளைக்கு 12 அல்லது 6 என்பதையும் அப்படியே எழுதுங்கள்.

சரி, எண்ணியாயிற்று, நிஜ நேரத்தோடு எப்படிச் சேர்ப்பது? ஓடிய டி-ஸ்டேட்களை 64 பிட் எண்ணியில் கூட்டிக்கொண்டே போங்கள். 30,720 டி-ஸ்டேட் (10 மில்லிசெகண்ட்) கொண்ட ஒரு துண்டு ஓடியதும் நிறுத்தி, தொடங்கிய நேரத்திலிருந்து கணக்குப் போட்டு, அந்த நேரம் வரும்வரை மட்டும் தூங்குங்கள். "இன்னும் 10 மில்லிசெகண்ட்" என்று ஒவ்வொரு முறையும் தூங்கினால் பிழை சேர்ந்துகொண்டே போகும். ஏற்காடு ஏறும் பஸ் 20 கொண்டை ஊசி வளைவிலும் பத்துப் பத்து வினாடி பிந்தினால், மேலே போய்ச் சேரும்போது மூன்று நிமிடத்துக்கு மேல் தாமதம், அது போல. துண்டில் இரண்டு மூன்று டி-ஸ்டேட் கூடுதலாக ஓடினால் அதைத் தூக்கிப் போடாதீர்கள், அடுத்த துண்டில் கழியட்டும்.

மணி காட்டும் கடிகாரத்தை நம்ப வேண்டாம். இணையத்தோடு ஒத்துப்போக அது திடீரென முன்னே பின்னே குதிக்கும். பின்னோக்கிப் போகாத மோனோடோனிக் கடிகாரத்தையே எடுங்கள். லேப்டாப்பை மூடித் திறந்து பெரிய இடைவெளி விழுந்தால், தொடக்க நேரத்தைப் புதிதாக வையுங்கள். இல்லாவிட்டால் விட்டதைப் பிடிக்க எமுலேட்டர் வெறிகொண்டு ஓடும்.

அப்புறம், ஹால்ட் (சிப்பை நிறுத்தி வைக்கும் கட்டளை) வந்தாலும் எண்ணியை நிறுத்தாதீர்கள். சிப்பை எழுப்பும் குறுக்கீடு (இன்டரப்ட்) வரும்வரை நேரம் ஓடத்தானே வேண்டும்!

முடித்ததும், அரை வினாடிக்கு ஒருமுறையாக 120 முறை எல்இடியை மாற்றி, மொபைல் ஸ்டாப்வாட்சோடு பாருங்கள். ஒரு நிமிடம் வர வேண்டும்.