ஓர் ஆள் எம்சி (நோய் லீவு) எடுத்தால் கிளினிக் நிற்கலாமா? பல் கிளினிக் வேலை பழக்குவது பற்றிச் சில கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் ஒரு பல் கிளினிக்கில் 19 வருடமாக இருக்கிறேன். உதவியாளராகச் சேர்ந்தேன், இப்போது ஆள்களைப் பழக்குவதும் டியூட்டி அட்டவணை போடுவதும் என் பொறுப்பு. கவுண்டர் ஆளுக்கு உள் வேலையும் உள்ளே இருப்பவருக்குக் கவுண்டர் வேலையும் சொல்லிக்கொடுப்பது பற்றி நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

தாப்பாவிலிருந்து ஒரு டாக்டர்: எங்களிடம் நான்கு பேர்தான். உதவியாளர் ஒருவர் பிரசவ லீவில் போனதும் பாதி வேலை நின்றுவிட்டது. யாருக்கு எதை முதலில் பழக்குவது?

டாக்டர், பிரசவ லீவு இப்போது 98 நாள், ஆனால் அது சில மாதம் முன்பே தெரிந்துவிடும். நம்மை மாட்டிவிடுவது காலை எட்டு மணிக்கு "அக்கா, காய்ச்சல், எம்சி" என்று வருகிற வாட்ஸ்அப்தான். அதற்காகத்தான் பழக்க வேண்டும். பல இடங்களில் கவுண்டர் பெண்ணை நேராக நாற்காலிப் பக்கம் கூட்டிப்போய் எச்சில் உறிஞ்சும் சக்‌ஷன் பிடிக்கச் சொல்கிறார்கள். நான் எல்லாரையும் முதலில் கருவி கழுவும் அறைக்குத்தான் அனுப்புவேன். நாற்காலிப் பக்கம் தப்பு நடந்தால் நீங்களே பார்த்துவிடுவீர்கள், கவுண்டரில் நடந்தால் நோயாளி சத்தம் போடுவார், கழுவும் அறையில் நடக்கிற தப்பு யார் கண்ணிலும் படாது. என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவர் படுத்துவிட்டால் அவருடைய நிரைக்கு, அதாவது அவர் வெட்டும் மர வரிசைக்கு, வேறு ஆள் போவார், அந்த ஆள் கத்தியை ஆழமாக விட்டுவிட்டால் அன்றைக்குப் பால் நன்றாகத்தான் வரும், ஆனால் காயம் பட்ட பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, சில வருடம் கழித்து அதே இடத்தில் மறுபடி கத்தி வைக்கும்போதுதான் என்ன நடந்தது என்று தெரியும். காய்ச்சலோடு படுத்திருந்தாலும் அப்பாவுக்கு அந்தக் கவலைதான். எனக்குக் கழுவும் அறையைப் பற்றி அதே கவலை.

பழக்குவதற்கு ஒரு வேலைக்கு ஒரு தாள் வையுங்கள். அந்த வேலையைத் தினமும் செய்கிறவரே தன் வார்த்தையில் எழுதட்டும், தமிழோ மலாயோ எதுவானாலும் சரி. புது ஆள் முதலில் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், அப்புறம் கூடச் சேர்ந்து செய்ய வேண்டும், அப்புறம் அவர் தனியாகச் செய்ய நாம் வாயைத் திறக்காமல் பார்க்க வேண்டும். மூன்றாவதுதான் பலரால் முடியாது, இடையில் புகுந்து கையை நீட்டிவிடுவார்கள். முடிந்ததும் தாளில் தேதி போட்டு இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். கையெழுத்து இல்லாத வேலைக்கு அந்த ஆளை அனுப்பாதீர்கள், எவ்வளவு கூட்டம் இருந்தாலும்.

பீடோரிலிருந்து ஒரு கவுண்டர் ஊழியர்: அக்கா, என்னை உள்ளே வரச் சொல்கிறார்கள். ரத்தத்தைப் பார்த்தாலே பயம். ஊசி குத்திவிட்டால் என்ன செய்வது?

தங்கச்சி, பயத்தை முதலில் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போட்டாயிற்றா என்று பாருங்கள். பெரியவர்களுக்கு மூன்று ஊசி, முதல் ஊசியிலிருந்து ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. அது முடியாமல் பயன்படுத்திய ஊசி, கத்தி பக்கமே நான் யாரையும் விடமாட்டேன். அதற்குள் உங்களுக்கு வேறு வேலை நிறைய இருக்கிறது: சாமான் கணக்கு, காலையில் தண்ணீர்க் குழாய்களை இரண்டு நிமிடம் ஓடவிடுவது, நோயாளி அட்டையில் டாக்டர் சொல்லச் சொல்ல எழுதுவது. ஊசி குத்திவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பிதுக்காதீர்கள், உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். எந்த நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி என்பதையும் அப்போதே எழுதி வையுங்கள். திட்டு விழும் என்று மறைத்தவர்களை எனக்குத் தெரியும். மறைக்கவே கூடாது.

கோல கங்சாரிலிருந்து ஒருவர்: டாக்டருக்கு நேரம் இல்லாதபோது அனுபவமுள்ள உதவியாளர் ஸ்கேலிங் (பல்லில் கெட்டியாகப் படிந்த அழுக்கைச் சுரண்டி எடுப்பது) செய்யலாமா? எக்ஸ்ரே?

ஸ்கேலிங் கூடாது. எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் கூடாது. 2018ஆம் ஆண்டு பல் மருத்துவச் சட்டம் 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது, வாய்க்குள் சிகிச்சை செய்வது பதிவு பெற்றவர்களின் வேலை. பல் சிகிச்சையாளர் என்று தனியாகப் படித்துப் பதிவு பெற்றவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வேறு, நம் உதவியாளர்கள் வேறு. எக்ஸ்ரேயில் உறை போடுவது, நோயாளிக்கு ஈயக் கவசம் போடுவது, படத்தைச் சரியான பெயரில் சேமிப்பது எல்லாம் பழக்குகிறோம், பொத்தான் மட்டும் எங்கள் இடத்தில் டாக்டர் கையில்தான். பல வேலை பழக்குவது என்றால் எல்லாரும் எல்லாம் செய்வது என்று சில முதலாளிகள் நினைக்கிறார்கள், பிரச்சினையே அங்கேதான் தொடங்குகிறது.

பாகான் செராயிலிருந்து: கருவியைப் போட்டு ஒட்டும் பவுச்சில் நிறம் மாறிவிட்டால் கருவி சுத்தம் என்று அர்த்தமா?

இல்லை. பவுச்சின் வெளியே இருக்கும் கோடு நிறம் மாறினால் அது ஆட்டோகிளேவுக்குள், அதாவது ஆவிச் சூட்டில் கிருமியைக் கொல்லும் மெஷினுக்குள், போய்வந்தது என்று மட்டும்தான் அர்த்தம். 134 டிகிரியில் குறைந்தது 3 நிமிடம், அல்லது 121 டிகிரியில் 15 நிமிடம் அந்தச் சூடு நின்றதா என்பதை மெஷினின் பதிவில் பார்க்க வேண்டும். கிருமி உண்மையிலேயே செத்ததா என்று சொல்வது, சூட்டைத் தாங்கும் கிருமியை மெஷினில் வைத்துப் பார்க்கும் ஸ்போர் டெஸ்ட்தான். பவுச் ஈரமாக வெளியே வந்தால் அது கணக்கில் இல்லை, திரும்பப் போடுங்கள். அதற்கெல்லாம் முன்னால் கழுவுவது இருக்கிறது, காய்ந்த ரத்தம் ஒட்டியிருந்தால் எந்தச் சூடும் உதவாது. நான் சேர்ந்த புதிதில் வேறு ஒரு கிளினிக்கில் மெஷினை அடைத்துத் திணிப்பார்கள், நானும் திணித்தேன், ஆவி உள்ளே போக இடம் வேண்டும் என்று ஒருவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து ஓர் உதவியாளர்: என்னைக் கவுண்டரில் உட்காரச் சொல்கிறார்கள். போன் எடுப்பதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது, தம்பி. கவுண்டர்தான் கஷ்டம் என்பது என் கருத்து. ஒரு பாட்டி "கடவாய்ப் பல்லு குத்துது" என்பார், அடுத்த போனில் மலாயில் "கிகி கோயாங்" (பல் ஆடுகிறது), அதற்கு அடுத்தது "குசி பெங்காக்" (ஈறு வீங்கியிருக்கிறது). எது நாளைக்கு வரலாம், எது இன்றைக்கே வர வேண்டும் என்று நீங்கள்தான் பிரிக்க வேண்டும். முகம் வீங்கி, காய்ச்சலும் சேர்ந்து, வாய் திறக்க முடியவில்லை என்றால் அப்போதே டாக்டரிடம் போனைக் கொடுங்கள். விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் என்றால் நேராக ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். பிள்ளை விழுந்து முன்பல் முழுதாகக் கழன்று வந்துவிட்டது என்று அம்மா அழுதுகொண்டே கூப்பிட்டால், அது பால் பல்லா நிலைப் பல்லா என்று முதலில் கேளுங்கள். பால் பல்லைத் திரும்ப வைக்கக்கூடாது. நிலைப் பல் என்றால் வேரைத் தொடாமல் தலைப்பக்கம் பிடித்து, பாலில் போட்டு உடனே வரச் சொல்லுங்கள், ஒரு மணி நேரத்துக்குள் வந்தால் பிழைக்க வாய்ப்பு அதிகம். பல் பிடுங்க வருகிற பெரியவர்களிடம் ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மருந்து உண்டா என்று கேட்டு எழுதுங்கள், நிறுத்தச் சொல்லாதீர்கள், அதை டாக்டர் முடிவு செய்வார். உள்ளே வேலை செய்தவர் என்பதால் இதெல்லாம் உங்களுக்குச் சீக்கிரம் பிடிபடும்.

இன்னொன்று, பல் எண்கள், அதாவது எந்தப் பல் என்று அட்டையில் குறிக்க டாக்டர்கள் ஒவ்வொரு பல்லுக்கும் சொல்லும் எண். கவுண்டர் ஆள்களுக்கும் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். 36ஆம் பல் என்றால் நோயாளியின் இடது கீழ்ப்பக்கம், நமக்கு எதிரே பார்க்கும்போது வலது கைப்பக்கம் இருக்கும். இந்த இடவலக் குழப்பத்தில்தான் அட்டையில் தப்பு ஏறுகிறது.

பெயர் போடாத ஒருவர்: இரண்டு வேலை செய்கிறோம், சம்பளம் ஒன்றுதான். கேட்கலாமா?

கேளுங்கள். எங்கள் இடத்தில் ஒவ்வொரு கையெழுத்துத் தாளுக்கும் மாதப்படி சேரும், நான் கேட்டு வாங்கியது. வாரத்துக்கு 45 மணி நேரத்துக்கு மேல் போனால் ஓடி (ஓவர்டைம்) கணக்கு வேறு. பழகுகிற நேரமும் வேலை நேரம்தான், மதியச் சாப்பாட்டு நேரத்தில் பழகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சிம்மோரிலிருந்து: பத்து வருடமாக இருக்கும் அக்கா எதையும் சொல்லித்தர மாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

அவர் கெட்டவர் இல்லை, பயப்படுகிறார். நானும் அப்படி இருந்திருக்கிறேன். ஆட்டோகிளேவ் எனக்கு மட்டும்தான் தெரியும் என்பதுதான் அங்கே என் இடம் என்று நினைத்திருந்தேன், அதனால் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது மூன்று நாள்கூட லீவு எடுக்க முடியவில்லை. அவரிடம் "சொல்லிக்கொடுங்கள்" என்று கேட்காதீர்கள், "உங்கள் கையெழுத்து இல்லாமல் யாரும் அந்த மெஷினைத் தொடமாட்டார்கள்" என்று டாக்டர் வாயாலேயே எல்லார் முன்னாலும் சொல்லவையுங்கள். காலைப் பெரட்டில் சொன்னால் இன்னும் நல்லது, நாங்கள் கிளினிக் திறக்குமுன் பத்து நிமிடம் நின்று பேசுவதை அப்படித்தான் கூப்பிடுகிறோம், தோட்டத்துப் பழக்கம். அந்தத் தாளையும் அவரையே எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள், மேலே அவர் பெயரைப் போடுங்கள்.