பெயர்பெற்ற பல்கலைக்கழகமா, முழு உதவித்தொகையா?

அமெரிக்காவில் பெரும்பெயர் பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றிலும், முழு உதவித்தொகையுடன் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றிலும் இடம் கிடைத்தால் எதை ஏற்பது என்பதே கேள்வி. உதவித்தொகை என்பது திருப்பிச் செலுத்தத் தேவையில்லாத பணம். ஆனால் ‘முழு’ என்ற சொல் சில இடங்களில் கல்விக் கட்டணத்தை மட்டுமே குறிக்கும். விடுதியும் உணவும் தனிச் செலவு.

பெரிய பெயர்தான் நல்ல சம்பளத்தைத் தருகிறது என்று தோன்றுவதற்குக் காரணம், அங்கே சேர்பவர்கள் முன்பே திறமைசாலிகளாக இருப்பதுதான். பொருளியலாளர்கள் ஸ்டேசி டேலும் ஆலன் க்ரூகரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், அத்தகைய கல்லூரிகளில் இடம் கிடைத்தும் வேறிடத்தில் படித்தவர்கள் பின்னாளில் ஏறக்குறைய அதே அளவு சம்பாதித்தது தெரியவந்தது. செய்கூலி கடைக்குக் கடை மாறினாலும் தங்கத்தின் எடை மாறுவதில்லை அல்லவா, அதைப் போன்றது இது. குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பெரிய கல்லூரி கூடுதல் பயன் தந்தது. இந்த விதிவிலக்கை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

பெருங்கடன் வாங்கித்தான் சேர முடியும் என்றால், உதவித்தொகையையே ஏற்கச் சொல்வேன். அதற்குமுன் பல்கலைக்கழகம் அனுப்பும் உதவிக் கடிதத்தை வரிவரியாகப் படியுங்கள்: சில கடிதங்களில் கடனும் ‘உதவி’ என்ற தலைப்பின்கீழேயே இருக்கும், உதவித்தொகை ஆண்டுதோறும் தொடர எவ்வளவு மதிப்பெண் வேண்டும் என்பதும் எங்காவது சிறிய எழுத்தில் இருக்கும்.

பெயர்பெற்ற இடம் என்றாலே செலவு அதிகம் என்பது பரவலான தவறான எண்ணம்: ஹார்வர்டு மதிப்பெண்ணுக்காக உதவித்தொகை தருவதில்லை என்றாலும், 2025-26 கல்வியாண்டிலிருந்து, ஆண்டு வருமானம் 2,00,000 டாலர் வரை உள்ள, வழக்கமான சொத்துகளே கொண்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணம் இல்லை என்று அறிவித்துள்ளது.