0999-ல் இறுகிக்கொள்ளும் கூட்டல் எந்திரம்

வணக்கம். பிள்ளைகளுக்காகப் பிளைவுட்டில் நீங்கள் செய்த நான்கு இலக்கக் கூட்டல் எந்திரம் 0009-லிருந்து 0010-க்கு ஒழுங்காகப் போகிறது, 0999-ல் 1 கூட்டினால் மட்டும் இறுகிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து சக்கரத்தின் பல்லை அரம் வைத்துத் தேய்க்காதீர்கள், கோளாறு அங்கே இல்லை.

சக்கரம் நழுவாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் ஸ்பிரிங் பிடிப்பு வைத்திருப்பீர்கள். 0999-ல் 1 கூட்டும்போது நான்கு சக்கரங்களும் ஒன்றையொன்று தள்ளி நகர வேண்டும் என்பதால், உங்கள் ஒரு விரல் நான்கு பிடிப்புகளையும் ஒரே நேரத்தில் மீற வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு ஒவ்வொரு இணைப்பிலும் உள்ள சிறு தளர்வு சேர்ந்து, கடைசிச் சக்கரம் அரைகுறையாக நிற்கும்.

1642-ல் கணக்கு எந்திரம் செய்ய ஆரம்பித்த பிரெஞ்சுக் கணித அறிஞர் பாஸ்கல் இதற்கு வைத்த வழி அபாரமானது. சக்கரம் சுழலச் சுழல, எடையுள்ள ஒரு கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிக்கொண்டே போகும். 9-ஐத் தாண்டும்போது கரம் விடுபட்டு விழும். விழும்போதே அடுத்த சக்கரத்தை ஒரு இலக்கம் தள்ளிவிடும். 9-ல் நிற்கிற சக்கரத்தின் கரம் ஏற்கெனவே மேலேதான் இருக்கிறது. ஆகவே உங்கள் விரல் முதல் கரத்தை விடுவித்தால் போதும், மற்றது தானாக நடக்கும்.

முதலில் இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் செய்து பாருங்கள். கரத்தின் நுனியில் போல்ட் மாட்டி நட்டுகளைக் கோத்தால் எடையைக் கூட்டிக் குறைக்கலாம். அடுத்த சக்கரம் இரண்டு இலக்கம் தாவினால் எடை அதிகம். பாதியில் நின்றால் பிடிப்பின் ஸ்பிரிங்கைத் தளர்த்துங்கள்.

ஒரு தொல்லை உண்டு: பின்னோக்கிச் சுழற்ற முடியாது. கழித்தலை ஒன்பதின் நிரப்பியால், அதாவது ஒவ்வொரு இலக்கத்தையும் 9-லிருந்து கழித்துக் கிடைக்கும் எண்ணைக் கொண்டு, செய்ய வேண்டும். பிள்ளைகளுக்கு அது இன்னொரு நல்ல வகுப்பு.