அரோவானா வாங்கலாமா? மீன் விலையைக் கடைசியாகப் பாருங்கள்

கேள்வி: சிங்கப்பூர் உட்லண்ட்சில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு; மனைவி, இரண்டு பிள்ளைகள். சேமிப்பு 9,000 வெள்ளி, மாதச் செலவு 3,500. சிவப்பு அரோவானா குஞ்சு ஒன்று 1,800 வெள்ளிக்கு வருகிறது. தொட்டி, ஃபில்டர், ஸ்டாண்டு இன்னொரு 1,700. கார்டில் 12 மாதத் தவணை போடலாம், நிறம் ஏறினால் இரண்டு வருடத்தில் இரட்டிப்பு விலைக்கு விற்கலாம் என்கிறார்கள். வாங்கலாமா? இல்லை, 30 வெள்ளி சில்வர் அரோவானாவோடு நிறுத்திக்கொள்ளவா?

பதில்: இப்போது வேண்டாம். உங்கள் சேமிப்பு இரண்டரை மாதச் செலவுக்குத்தான் வரும். அதில் 3,500 போனால் மிஞ்சுவது ஒன்றரை மாதத்துக்கு. வட்டியில்லாத் தவணைதானே என்று நினைக்காதீர்கள். கட்டத் தவறினால் கார்டு வட்டி ஆண்டுக்கு 25 விழுக்காட்டுக்கு மேல்.

சில்வர் மலிவு என்பது கண்கட்டு. அதுவும் முக்கால் மீட்டருக்கு மேல் வளரும், அதே தொட்டிதான் வேண்டும். எந்த மீனானாலும் அதன் அறிவியல் பெயரை ஃபிஷ்பேஸ் தளத்தில் தட்டி, முழு வளர்ச்சி நீளத்தைப் பார்த்த பிறகு விலை கேளுங்கள்.

5×2×2 அடித் தொட்டியில் சுமார் 540 லிட்டர் பிடிக்கும். அரோவானாவுக்கு இதுவே குறைந்தபட்சம். கண்ணாடி, ஸ்டாண்டு சேர்த்தால் எடை 650 கிலோவைத் தாண்டும், அதுவும் ஒரு சதுர மீட்டருக்கும் குறைந்த இடத்தில். வீவக தளம் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்ற கணக்கில் கட்டப்படுவது. முன்பணம் கொடுப்பதற்கு முன் வீவகவிடம் கேளுங்கள். வீவக தீக்காப்புறுதி வீட்டுப் பொருள்களுக்கு ஈடு தராது. தொட்டி உடைந்து கீழ்வீட்டுக் கூரை ஒழுகினால் ஈடு உண்டா என்று வீட்டுப்பொருள் காப்புறுதியின் விதிவிலக்குப் பகுதியை வாசியுங்கள்.

மாதச் செலவு: பம்ப் இரண்டும் சேர்ந்து 40 வாட் நாள் முழுக்க, விளக்கு 40 வாட் எட்டு மணி நேரம். யூனிட் 30 காசு என்றால் சுமார் 12 வெள்ளி. வாரம் 160 லிட்டர் மாற்றினாலும் தண்ணீருக்கு 2 வெள்ளிதான். இறால், பெல்லட்டுக்குக் குறைந்தது 30. ஆக 44 வெள்ளி. இந்த மீன் 15 ஆண்டு தாராளமாக வாழும். அப்படியானால் கிட்டத்தட்ட 8,000. மீன் விலை இதில் கால்வாசிகூட இல்லை.

மறுவிற்பனைப் பேச்சை நான் நம்பமாட்டேன். சிவப்பு முழுதாக ஏறப் பல ஆண்டு பிடிக்கும், ஏறாமலும் போகும். கண் கீழிறங்கினாலோ செவுள் மூடி சுருண்டாலோ விலை விழும். மூடி சரியாக இல்லாவிட்டால் துள்ளித் தரையில் கிடக்கும். சிவப்பு அரோவானா ஆசிய அரோவானா இனம். அது அருகிவரும் உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருப்பதால், வெளிநாட்டில் விற்க அனுமதிப் பத்திரம் வேண்டும். அமெரிக்காவுக்குள் கொண்டுபோகவே முடியாது.

ஆறு மாதச் செலவு, அதாவது 21,000 வெள்ளி, சேர்ந்த பிறகும் ஆசை இருந்தால் ரொக்கத்தில் வாங்குங்கள். கடைக்காரரை உங்கள் கண்முன் ரீடரால் மீனின் உடலில் செருகிய அடையாளச் சிப்பைப் படிக்கச் சொல்லுங்கள். திரையில் வரும் எண் மீனோடு தரும் சான்றிதழின் எண்ணோடு பொருந்தவில்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்கினால் பணம் தண்ணீரோடு போகும். ஃபில்டரில் மீன் கழிவை முறிக்கும் பாக்டீரியா பிடிக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். இங்கே குழாய்த் தண்ணீரில் இருப்பது குளோரமின் என்ற கிருமிநாசினி. ஒரு ராத்திரி பிடித்துவைத்தால் போகாது, அதை நீக்கும் மருந்து ஊற்றியே ஆக வேண்டும். டெஸ்ட் கிட்டில் மீனுக்கு நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் காட்டும்வரை மீனுக்குப் பணம் கட்டாதீர்கள்.